இரண்டு இருபதுக்கு வந்தவள்

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும், நாய் ஊளையிடும், கொலுசுச் சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். சரியாகச் சொன்னால், பகல் இரண்டு இருபது.

இடம் கல்முனைக்குடி, இலங்கையின் கிழக்குக் கரை. கடற்கரைப் பக்கம் போகிற ஓர் ஒழுங்கை. அந்த வீடு இன்றைக்கும் இருக்கிறது. பஸ்மிலாவும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். "எல்லாத்தையும் எழுதுங்க, ஒழுங்கைட பேர மட்டும் எழுதாதீங்க" என்றாள். எழுதவில்லை. மற்றதெல்லாம் அவள் சொன்னபடியே. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள், எனக்கென்ன?

போன வருடம் பெரும்போக நெல் வெட்டு நடந்த நேரம். பஸ்மிலாவுக்குத் தலைப்பிள்ளை. பெண் பிள்ளை. அப்ரா என்று பேர் வைத்தார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்க்குத்தான் ஒன்பதாம் நாள் காலையில் தொடங்கியது.

பிளேன்டித் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தாள். கோப்பை அடித்தட்டுப் பீரிசில் கடகடவென்று அடித்தது. குளிரா? இல்லை. காய்ச்சலா? அதுவும் இல்லை. இடது கை தன்பாட்டுக்கு ஆடியது. வலது கையால் அழுத்திப் பிடித்தாள். அப்போது அந்தக் கையும் ஆடியது. மத்தியானம் தொடையில் ஒரு தசை துடித்தது, தோணியில் போட்ட மீன் துடிக்கிறது போல. பின்னேரம் கண்மடல். ராத்திரி முழுவதும் நெஞ்சு படக் படக் என்று அடித்தது. கண்ணை மூடினால், பிள்ளை கையிலிருந்து நழுவி விழுகிறது. திறந்தால், பிள்ளை பக்கத்தில் சும்மா தூங்குகிறது. விடியும்வரை இதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரத்தம் எடுத்தார்கள். தைரொய்ட் சரி, கல்சியம் சரி, சீனி சரி. "ஒண்டுமில்லம்மா. நல்லா நித்திர கொள்ளுங்க" என்றார் டொக்டர். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பால் கேட்டுக் கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நித்திரையாம்! போகிற நேரம் ஒரு கடதாசித் துண்டும் எழுதிக் கொடுத்தார். மனநலக் கிளினிக்குக்கு. ஊர் என்ன பேர் கட்டும் என்று தெரியாதா? பஸ்மிலா அந்தத் துண்டை நாலாக மடித்து, அலுமாரியில் உடுப்புக்கு அடியில் வைத்தாள். அதைக் கணவனுக்கும் காட்டவில்லை.

அவளுடைய கணவன் றிஸ்கான். அட்டாளைச்சேனைக்காரன். நெல் வெட்டுகிற மெஷின் ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான், அவனும் அப்படித்தான் வந்தான். வெட்டுக் காலத்தில் இறக்காமம் பக்கம் போனால் நாலைந்து நாளைக்கு ஒருதரம்தான் வீடு. பஸ்மிலாவின் உம்மா மௌத்தாகி மூன்று வருடம். அதனால் பிள்ளைப்பேறு பார்க்க றிஸ்கானின் தாய், பஸ்மிலாவுக்கு மாமி, அட்டாளைச்சேனையிலிருந்து வந்து நின்றா. நல்ல மனுசி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

கோப்பை ஆடியதை மாமி கண்டுவிட்டா.

"இதென்ன புள்ள, கை இப்பிடி ஆடுது?"

"ஒண்டுமில்ல மாமி. களைப்பு."

"களைப்பெண்டா சரி. நாப்பது நாள் முடியட்டும். அப்பவும் ஆடிச்செண்டா புள்ளய நான் கொண்டு போறன். கொஞ்ச காலம் எங்கட ஊட்டுல வளரட்டும். நீ தூக்கிப் போட்டுட்டாய் எண்டா ஆரு பதில் சொல்லுற?"

மாமி நல்லதுக்குத்தான் சொன்னா. ஆனால் பஸ்மிலாவுக்கு நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்தது போல ஆகிவிட்டது. அன்றையிலிருந்து மறைக்கத் தொடங்கினாள். மாமி முன்னால் கோப்பையைத் தொடமாட்டாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் துணிக்கு அடியில் ஒளித்துக்கொள்வாள். நாற்பதாம் நாள் வரைக்கும் இந்தக் கையை எப்படியாவது அடக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். அந்த ஒரு நினைப்புத்தான் அவளுக்கு.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் குடும்பத்தில் பிள்ளையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கும்போது, வாங்குகிற ஆள் "பிஸ்மில்லாஹ்", அல்லாஹ்வின் பேரால், என்று சொல்லித்தான் வாங்கும். அது காதில் விழுந்த பிறகுதான் கொடுக்கிற ஆள் கையை விடும். யாரும் உட்கார்ந்து பாடம் எடுத்ததில்லை. கைக்கு அது தானாகப் பழகியிருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டில் இருக்கிற றுஸ்தா, பஸ்மிலாவின் ராத்தா. கூடப் பிறந்த மூத்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில். மதிலில் ஆள் போய் வருகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த வரிசையில் எல்லா வீட்டு மதிலிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பெண்கள் றோட்டில் இறங்காமலே ஏழு வீடு போய் வருவார்கள். பின்பக்கத்தால் யார் வந்தாலும் சொந்தக்காரிதான், யார் நீங்கள் என்று கேட்டால் மரியாதைக் குறைவு.

றுஸ்தாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மகன் பிறந்தான். ஸஜாத். முப்பத்தெட்டாம் நாள், பகல் தூக்கத்தில், அப்படியே போய்விட்டான். ஆஸ்பத்திரிக் கடதாசியில் என்னவோ எழுதியிருந்தது. ஊரும் என்னென்னவோ சொன்னது. றுஸ்தா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளையையும் தொடுவதில்லை. தங்கச்சிக்குப் பால்சுறா வறையும் உள்ளிக் கறியும் தினமும் சமைத்தாள். மதில் இடைவெளியில் சட்டியை வைத்துவிட்டு, "புள்ள, எடு" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான். ஒருநாளும் உள்ளே வரமாட்டாள்.

என் பிள்ளையைப் பார்க்க இவளுக்கு எரிச்சல் என்று பஸ்மிலா நினைத்தாள். களைத்துப் போன மனம் அப்படித்தானே நினைக்கும்.

இருபத்தோராம் நாள், அட்டாளைச்சேனையில் மாமாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்று போன் வந்தது. மாமி அவசரமாகப் புறப்பட்டா. போகும்போது, "துணைக்கு ஒரு பொம்புள பாத்திரிக்கன். ரெண்டொரு நாள்ல வருவா" என்று சொல்லிவிட்டுப் போனா.

அடுத்த நாள் தாயையும் பிள்ளையையும் பார்க்கிற மிட்வைப் சுஜித்தா வந்தாள். காரைதீவிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பிள்ளை, நல்ல குணம். பஸ்மிலா அவளிடம் மட்டும் கையைக் காட்டினாள்.

"அக்கா, ஒரு கொப்பி எடுங்க. நடுங்கக்குள்ள எல்லாம் எழுதுங்க. எத்தின மணி, எந்தக் கை, எவ்வளவு நேரம். புள்ளய வச்சிருக்கக்குள்ள கட்டில்ல இரிக்காதீங்க. நிலத்துல பாயப் போட்டு, செவுத்துல சாஞ்சி இரிங்க. நழுவினாலும் மடியிலதான் விழும்."

"சரி மிஸ்."

"கிளினிக்குக்கும் ஒருக்காப் போங்க அக்கா. வெக்கப்பட ஒண்டுமில்ல."

பஸ்மிலா கொப்பி எடுத்தாள். பாய் போட்டாள். கிளினிக்குக்குப் போகவில்லை.

அந்தக் கொப்பியை நான் என் கண்ணால் பார்த்தேன். எழுத்தே ஆடியிருக்கிறது. "23ம் நாள். காலை 4.10, இடது கை, பன்னிரண்டு நிமிசம். 6.45, இரண்டு கையும். 11.00, கால். 2.05, இடது கை, நிக்கவே இல்ல."

இருபத்து மூன்றாம் நாள்.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து ஒழுங்கை அடங்கிவிட்டது. மின்விசிறி கிரீச் கிரீச் என்று சுற்றுகிறது. பஸ்மிலா அறையில் பாயில் சாய்ந்திருக்கிறாள். மடியில் அப்ரா. பால் குடிக்காமல் வீறிட்டு அழுகிறாள். கை ஆடுகிறது. பிள்ளையின் தலை கையோடு சேர்ந்து ஆடுகிறது. பஸ்மிலாவுக்கும் அழுகை வந்துவிட்டது. யா அல்லாஹ், ஐந்து நிமிடம் யாராவது இந்தக் கையைப் பிடித்துக்கொள்ளக் கூடாதா?

பின் கதவு திறந்தது.

ஒரு பெண் வந்து அறை வாசலில் நின்றாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். நிறம் போன சேலை. முக்காட்டின் ஓரம் நனைந்திருந்தது. தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி வுழூச் செய்துவிட்டு வருகிறாள் போல என்று பஸ்மிலா நினைத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். மாமி அனுப்பின ஆளா?"

"ம்."

வந்தவள் பக்கத்தில் குந்தினாள். பஸ்மிலாவின் இடது முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

"நான் புடிச்சிரிக்கன், மகள்."

அவளுடைய கை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைப் போலக் குளிர்ந்திருந்தது. ஆனால் நடுக்கம்... நின்றுவிட்டது. அந்த நொடியே நின்றுவிட்டது. பதினாலு நாளாக ஆடிய கை, மரக்கட்டை போல அசையாமல் கிடந்தது. பிள்ளையும் அழுகையை நிறுத்தியது. பஸ்மிலாவின் உடம்பெல்லாம் இளகியது. போனைப் பார்த்தாள்.

2.20.

வந்தவள் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, வந்த வழியே போனாள். பஸ்மிலா கொப்பியில் எழுதினாள். "2.20. நடுக்கம் இல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

அடுத்த நாளும் 2.20. அதற்கடுத்த நாளும். ஒரு நிமிடம் முந்தவில்லை, பிந்தவில்லை. அந்த அரை மணித்தியாலத்துக்காகவே பஸ்மிலா மற்ற இருபத்து மூன்றரை மணித்தியாலத்தையும் தாக்குப்பிடித்தாள். களைத்தவளுக்கு ஒரு தாங்கு கிடைத்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்று கிளறிக்கொண்டிருப்பாளா?

மாமி போன் எடுத்தா. "துணைக்கு ஆள் இரிக்கிதானே?"

"ஓம் மாமி. நல்ல ஆள்."

முப்பதாம் நாள் றிஸ்கான் உடுப்பு எடுக்க வந்தான். முன் விறாந்தையில் ஏறும்போதே உள்ளே இன்னொரு பெண்ணின் குரல். இருமினான். சொந்தமே ஆனாலும் வேறு பெண் இருக்கிற அறைக்குள் ஆம்பிளை நுழைவானா? கொடியில் கிடந்த சேட்டுகளை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட்டான். ராத்திரி போனில், "ராத்தா வந்து போறா போல. நல்லம்" என்றான்.

மதிலில் வைக்கிற சுறா வறையைச் சொல்கிறான் என்று பஸ்மிலா நினைத்தாள். "ஓம் மச்சான்" என்றாள்.

பார்த்தீர்களா? மாமி நினைத்தது றுஸ்தாவை. றிஸ்கான் நினைத்ததும் றுஸ்தாவை. பஸ்மிலா நினைத்தது மாமி அனுப்பிய பெண்ணை. மூன்று பேரும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரியாதை பார்த்து ஒருத்தரும் வாய் திறந்து, "வாறது ஆரு?" என்று கேட்கவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் சுஜித்தா வந்து கொப்பியைப் புரட்டினாள். "நல்லா குறைஞ்சிருக்கே அக்கா! ரெண்டு இருபதுக்கு மட்டும் என்ன செய்றீங்க?"

"ஒரு ஆள் வந்து கையப் புடிச்சிக்குவா."

"ஆரு?"

பஸ்மிலா வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. பத்து நாளாக வருகிறவளின் பேரைக் கேட்கவே இல்லை! சிரித்துச் சமாளித்தாள்.

சுஜித்தா போன பிறகுதான் ஒவ்வொன்றாக மனதில் தட்டியது.

வந்தவள் ஒருநாளும் ஸலாம் சொன்னதில்லை.

ஊற்றி வைத்த தேத்தண்ணி ஒருநாளும் குறைந்ததில்லை.

பின் படியில் செருப்பு இருந்ததில்லை. கொளுத்துகிற வெயிலில் முக்காட்டு ஓரம் ஒருநாளும் காய்ந்திருந்ததில்லை.

பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டதில்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்டதில்லை. "அது" என்றுதான் சொல்வாள். "அது முழிச்சிரிக்கி. அது பாக்குது."

அப்ரா அவள் முன்னால் அழுவதில்லைதான். பால் குடிப்பதும் இல்லை. கையைக் காலை ஆட்டுவதும் இல்லை. கண்ணை மட்டும் விரித்து வைத்திருப்பாள்.

பஸ்மிலா அன்றைக்கே மாமிக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். போனைக் கையிலும் எடுத்தாள். ஆனால் கேட்டு, அந்த ஆள் வராமல் போய்விட்டால்? நாற்பதுக்கு இன்னும் ஏழு நாள்தான். கை ஆடினால் பிள்ளை போய்விடும். போனைக் கீழே வைத்தாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். முப்பத்து மூன்று நாள் நித்திரையில்லாமல் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முப்பத்தேழாம் நாள். எழும்பிப் போகும்போது வந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு நீ நல்லா நித்திர கொள்ளலாம், மகள்."

முப்பத்தெட்டாம் நாள்.

விடிந்ததிலிருந்து பஸ்மிலா நாளையே எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு என்ற எண் தலைக்குள்ளேயே சுற்றியது. றுஸ்தாவின் ஸஜாத்... அதே நாள்... வேண்டாம், நினைக்காதே. கொப்பியில் எழுதினாள். "5.30 நடுக்கம். 7.15 நடுக்கம். 9.00 நடுக்கம்." பத்து மணிக்கு மேல் எழுதவில்லை. பேனையைப் பிடிக்க முடியவில்லை.

முந்தின ராத்திரி முழுவதும் அப்ரா தூங்கவில்லை. பஸ்மிலாவின் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரிந்தது. உட்கார்ந்தபடியே தலை தொங்கியது. விழித்தாள். தொங்கியது. விழித்தாள்.

2.20.

பின் கதவு.

அவள் வந்து குந்தினாள். கையைக் கொடுத்தாள். குளிர். நடுக்கம் நின்றது.

"களைச்சிப் போனாய்."

"ஓம்..."

"அத என்னட்டக் குடு. நீ படு."

பதினைந்து நாளில் அவள் பிள்ளையைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

படு என்ற சொல்லைக் கேட்டதும் பஸ்மிலாவின் முதுகெலும்பே உருகியது. தலையணை பக்கத்தில் கிடந்தது. ஒரு மணித்தியாலம். வேண்டாம், அரை மணித்தியாலம் போதும். அவள் பிள்ளையைத் தூக்கி நீட்டினாள்.

இரண்டு குளிர்ந்த கைகள் பிள்ளைக்கு அடியில் வந்தன.

பஸ்மிலா காத்திருந்தாள்.

எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண் பாதி மூடியிருந்தது. கை மட்டும் விடவில்லை. கை எதையோ கேட்பதற்காகக் காத்திருந்தது.

"உடு, மகள்."

"பிஸ்மில்லா சொல்லுங்க..."

தூக்கக் கலக்கத்தில், சும்மா வாயில் வந்ததுதான்.

அந்தக் கைகள் மட்டும் இன்னும் இறுகின.

மின்விசிறி கிரீச்... கிரீச்...

"சொல்லுங்கவன்."

"நான் புடிச்சிரிக்கன். உடு."

பஸ்மிலா கண்ணைத் திறந்தாள். அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இத்தனை நாளில் அவள் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. முக்காட்டு ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு தொங்கியது.

தொங்கியது.

விழவில்லை.

வந்தவள் மூச்சு விடவில்லை.

பிள்ளை இழுபட்டது. மெதுவாக. பலமாக.

பஸ்மிலா கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

அப்போது வெளியே... டுப் டுப் டுப்... மோட்டார் சைக்கிள். அது றிஸ்கானுடையது! மெஷின் பெல்ட் அறுந்து, அன்றைக்கு வேலை நின்றுவிட்டது. ஸ்டாண்ட் போடுகிற சத்தம். செருப்புச் சத்தம். விறாந்தை. வா... உள்ளே வா...

"உடு" என்று அவள் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. "ம்ஹூம்" என்று இருமினான்.

செருப்புச் சத்தம் நின்றது.

"ஆள் இரிக்காவா? சரி சரி. நான் முன்னுக்கு இரிக்கன்."

கதிரை இழுபட்டது. உட்கார்ந்துவிட்டான்!

நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவன் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறான்.

"உடு, மகள்."

பஸ்மிலாவின் விரல் ஒவ்வொன்றாகக் கழன்றது.

சின்ன விரல்.

மோதிர விரல்.

அப்போதுதான்... இடது கையில் அது தொடங்கியது.

நடுக்கம்.

முழங்கையிலிருந்து, தோளிலிருந்து, முதுகிலிருந்து... ஒருநாளும் இல்லாத நடுக்கம். கை இறுகி, விரல் நரம்பு பிடித்து மடங்கி, பிள்ளையின் துணியோடு பூட்டிக்கொண்டது. இனி அவளே நினைத்தாலும் விட முடியாது. பல்லும் நடுங்கியது. அந்த நடுக்கத்தில்தான் வாய் திறந்தது.

"மச்சான்... உள்ள வாங்க."

"ஆள் இரிக்காவே?"

"உள்ள வாங்க!"

கதிரை விழுந்தது. அவன் ஓடி வந்தான்.

அறையில் பஸ்மிலா. மடியில் அப்ரா. வேறு ஒருத்தரும் இல்லை. பின் கதவு உள்ளே கொண்டி போட்டபடி இருந்தது.

அப்ரா பெருங்குரலில் அழுதாள். பஸ்மிலாவின் விரல்களைப் பிரிக்க றிஸ்கானுக்குப் பத்து நிமிடம் எடுத்தது. "பிஸ்மில்லாஹ், பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சொல்லித்தான் பிரித்தான். பிள்ளையைச் சுற்றிய துணியில், முதுகுப் பக்கம், ஈரமாக எட்டு விரல் அடையாளம். அவன் கண்ணால் கண்டது.

மாமிக்குப் போன் எடுத்தார்கள். "நான் எங்க மகள் அனுப்பின? அந்தப் பொம்புளைக்கு வர ஏலாதெண்டு அண்டைக்கே றிஸ்கானுக்குச் சொன்னனே!" மெஷின் இரைச்சலில் அவன் அதைச் சரியாகக் கேட்கவில்லை. ஒழுங்கையில் ஏழு வீட்டிலும் விசாரித்தார்கள். அப்படி ஒரு பெண்ணை யாருக்கும் தெரியாது.

பிறகு பஸ்மிலா அந்த நாலாக மடித்த துண்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். றிஸ்கானும் கூடப் போனான். குளிசை கொடுத்தார்கள், கதைக்க வைத்தார்கள், நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு இப்படி வரும், பயப்படாதீர்கள் என்றார்கள். எல்லாவற்றையும் கேட்ட மாமி, பிள்ளையைக் கொண்டு போகிற கதையை எடுக்கவே இல்லை. நித்திரை இல்லாவிட்டால் இல்லாத ஆள் கண்ணில் தெரியும் என்றும் கிளினிக்கில் சொன்னார்கள். சரி, ஒத்துக்கொள்வோம். நன்றாகத் தூங்கி எழும்பி வந்த றிஸ்கானின் காதில் இரண்டு தரம் அந்தக் குரல் எப்படி விழுந்தது? அதை யாரும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை.

அந்த முப்பத்தெட்டாம் நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, மதில் இடைவெளியால் றுஸ்தா வந்தாள். சட்டி கொண்டு வரவில்லை. அப்ரா பிறந்த பிறகு முதல் தடவையாக அறைக்குள் வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"றிஸ்கான் வந்து விசாரிச்சார். ஒரு பொம்புள வந்ததாம்?"

"ஓம் ராத்தா."

"ரெண்டு இருபதுக்கா?"

பஸ்மிலா நிமிர்ந்து பார்த்தாள். கொப்பியைப் பார்த்த சுஜித்தாவைத் தவிர, நேரம் இன்னும் யாருக்கும் தெரியாது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

றுஸ்தா பாயில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் கை நடுங்கினதானே புள்ள... நான் ஆருக்கும் சொல்லல்ல. குடுத்தியா? நீ குடுத்தியா?"

"இல்ல ராத்தா. எனக்குப் பிஸ்மில்லா கேக்கல்ல. கை விடல்ல."

றுஸ்தா தூங்குகிற அப்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கேக்கல்லதான். நல்ல களைப்பு புள்ள... கேட்டதெண்டு நினைச்சிக் குடுத்திட்டன்."

பிறகு, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, மெதுவாகச் சொன்னாள்.

"அந்த நாப்பதுக்குள்ள, அண்டைக்கு ஒரு நாள்தான் நான் நல்லா நித்திர கொண்டன்."